கள்ளுக்கடை எல்லையும் பாசஞ்சர் வண்டியும்

நல்லேப்பிள்ளி என்று சொன்னால் இங்கே இருக்கும் தமிழ் நண்பர்களில் ஒருவருக்கும் தெரிவதில்லை. "பாலக்காடு பக்கம்" என்றால் உடனே "ஓ, மலையாளியா?" என்பார்கள். "பொள்ளாச்சி பக்கம்" என்றால் "அப்ப கோயம்புத்தூர்க்காரர்" என்று முடித்துவிடுவார்கள். இரண்டும் பாதி சரி. சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் இருக்கிற ஊர். ரேஷன் கார்டு கேரளா, வீட்டில் பேசுவது தமிழ், தீபாவளித் துணி எடுக்கப் போவது கோயம்புத்தூர். ஊருக்குப் பெருமை என்று எதைச் சொல்வது என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமான பதில்தான் வருகிறது: கள்.

கேரளாவில் எந்த மூலையில் கள்ளு ஷாப்பில் போய் உட்கார்ந்தாலும், பானையில் இருப்பது எங்கள் சித்தூர் தாலுகா தோப்பில் இறக்கியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. காலையில் இறக்கிய கள்ளை கேன்களில் ஊற்றி, எக்சைஸ் பர்மிட்டோடு எர்ணாகுளம், கோட்டயம், ஆலப்புழை என்று வேன்கள் ஓடும். ஓடித்தான் ஆக வேண்டும், கள் காத்திருக்காது. பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிப்பு நீர். பானையில் விழுந்த கையோடு ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் போதை, மறுநாள் புளிப்பு, அதற்கப்புறம் காடிதான். தென்னங்கள்ளில் ஆல்கஹால் 8.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கேரள அரசு விதி போட்டிருந்தது. சாதாரண பீரை விடக் கொஞ்சம் கூடுதல்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கள் பயணிகளுக்கு ஒத்துவராத சரக்கு. பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடிப் பையில் வைத்தால் மூடி தெறித்துவிடும். அதனால் கள் குடிக்கிறவன் மரத்துக்குப் பக்கத்திலேயே குடிப்பான், குடித்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போவான். வழியில் விழுந்தால் "இது இன்னாரோட மச்சினனாச்சே" என்று யாராவது தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் போடுவார்கள். சத்தம் போட்டால் "டேய், உங்கொப்பன்கிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்க ஒரு பாட்டி இருப்பாள். வீட்டுக்குள்ளே அவன் மனைவி படுகிற பாட்டை இதெல்லாம் துளியும் குறைக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தெருவில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு ஒரு பயம் இருந்தது.

ரயிலில் ஏறிய குடிகாரனுக்கு அந்தப் பெயர் கிடையாது. எதிரில் இருப்பவர் யார் என்று அவனுக்குத் தெரியாது, அவன் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் கதை முடிந்தது. சரி, மரத்தடியில் குடித்துக்கொண்டிருந்தவனை ரயிலில் ஏற்றியது யார் என்று தேடிப் போனால், அதில் அரசாங்கங்களுக்குக் கணிசமான பங்கு இருக்கிறது. அந்தக் கதைதான் இது.

முதலில் எல்லைகளைப் பார்த்துவிடலாம். 1957 ஜனவரிக்கு முன்னால் பாலக்காடு மாவட்டம் என்று ஒன்றே கிடையாது. பாலக்காடு, கொல்லங்கோடு எல்லாம் மலபார் ஜில்லா, அதாவது சென்னை மாகாணம். பொள்ளாச்சி கோயம்புத்தூர் ஜில்லா, அதுவும் சென்னை மாகாணம். நடுவில் எங்கள் சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி மகாராஜாவுடையது. கொச்சியின் மற்ற தாலுகாக்களோடு ஒட்டாமல் தனியாகக் கிடந்த துண்டு. இங்கே கள்ளுக்குச் சட்டமும் வேறு: கொச்சி அப்காரி சட்டம், கொல்லம் ஆண்டு 1077-ல், அதாவது 1901-02-ல் போட்டது. (ஒரு வேடிக்கை: இன்றைக்குக் கேரளா முழுவதற்கும் அதே சட்டம்தான். திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற பகுதிகளுக்கும் 1967-ல் நீட்டினார்கள். மகாராஜா போனார், மாகாணம் போனது, எங்கள் ஊர்க் கள்ளுச் சட்டம் மட்டும் மாநிலத்தையே வளைத்துப் போட்டுவிட்டது.)

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மாகாணத்தில் அதுதான் முதல். அடுத்த இரண்டு வருஷங்களில் சித்தூர் (இது ஆந்திரச் சித்தூர், எங்களுடையது இல்லை), கடப்பா, வட ஆற்காடு ஜில்லாக்கள் சேர்ந்தன. கள்ளுக்கடை ஏலப் பணம் போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட்டார். இன்றைக்கு நாம் எதை வாங்கினாலும் கட்டுகிற வரிக்கு நம் பக்கத்தில் அதுதான் தொடக்கம். குடிக்காதவனும் குடிகாரனுக்காக வரி கட்டுகிறான் என்று அன்றைக்கே சிலர் முணுமுணுத்திருப்பார்கள் :-)

இப்போது ரயில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸிலிருந்து மலபார் போகிற வண்டி ஜோலார்பேட்டை வரைக்கும் வட ஆற்காடு, அங்கே 1939 வரை கடை உண்டு. அதைத் தாண்டி மொரப்பூர், பொம்மிடி, சேலம், சங்ககிரி எல்லாம் சேலம் ஜில்லா, கடை கிடையாது. காவிரிப் பாலம் தாண்டினால் ஈரோடு, கோயம்புத்தூர் ஜில்லா, மறுபடி கடை. ஒரே பெட்டியில், ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தவன் ஒரே ராத்திரியில் குடிக்கலாம், குடிக்கக் கூடாது, மறுபடி குடிக்கலாம் என்று மூன்று ஊரைக் கடந்தான். ஆற்றின் கிழக்குக் கரையில் பள்ளிபாளையத்துக்காரனுக்குக் கள் வேண்டுமென்றால் அக்கரை போக வேண்டும். போனவன் திரும்பியும் வர வேண்டும். குடித்த நிலையில் பொது இடத்தில் காணப்படுவதையே சென்னை மதுவிலக்குச் சட்டம் குற்றமாக்கி வைத்திருந்தது. பாட்டிலை ஒளிக்கலாம், தள்ளாட்டத்தை எங்கே ஒளிப்பது?

யுத்த காலத்தில், 1943-ல், மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். யுத்தம் முடிந்து 1946-ல் மறுபடி தொடங்கி, 1948 அக்டோபர் 2, காந்தி ஜெயந்திக்குள் மாகாணம் முழுவதையும் மூடினார்கள், ஓமந்தூரார் முதலமைச்சராக இருந்த காலம். பாலக்காட்டிலும் கடை இல்லை, பொள்ளாச்சியிலும் இல்லை. ஆனால் சென்னைச் சட்டம் கொச்சி மகாராஜாவின் சித்தூரில் செல்லாது. 1932-ல் திறந்த பாலக்காடு-பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை இந்த எல்லையோரமாகத்தான் போகிறது. பாலக்காட்டுக்காரனுக்கும் பொள்ளாச்சிக்காரனுக்கும் சித்தூர்ப் பக்கம் எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடந்த கூத்து என்று நினைக்க வேண்டாம். 1881-ல் வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடச் சட்டம் வந்தது. ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் "உண்மையான பயணி" என்று ஒருவருக்குச் சலுகை இருந்தது. முந்தின ராத்திரி தங்கிய இடத்திலிருந்து மூன்று மைலுக்கு மேல் வந்தவர் உண்மையான பயணி, அவருக்கு ஊற்றிக் கொடுக்கலாம். பாவம், பயணம் செய்து களைத்தவன் தாகத்தோடு போகக்கூடாது என்கிற நல்லெண்ணம்! விளைவு என்ன? ஞாயிற்றுக்கிழமை குடிக்க வேண்டுமானால் பயணியாக வேண்டும். ஒரு கிராமத்துக்காரன் மூன்று மைல் தள்ளி அடுத்த கிராமத்துக்குப் போனான், அந்தக் கிராமத்துக்காரன் இங்கே வந்தான்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. தேசிய மதுவிலக்கு 1933-ல் முடிந்த பிறகும் அங்கே பாரில் உட்கார்ந்து கிளாஸில் குடிக்க அனுமதி இல்லை. 1972-ல் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த வெர்ன் மில்லர், ஆம்ட்ராக் ரயில் நியூட்டன் ஊரில் நின்றபோது ஆட்களோடு ஏறி சோதனை போட்டார். வேறு மாநிலத்தில் புறப்பட்டு வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி, ஆனால் கான்சாஸ் மண்ணில் ஓடும்போது கிளாஸில் ஊற்றினால் குற்றம் என்றார். ஆம்ட்ராக் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. அவர் விமானக் கம்பெனிகளிடமும் கான்சாஸுக்கு மேலே பறக்கும்போது ஊற்றாதீர்கள் என்று சொன்னார் என்பது இன்னும் இங்கே சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிற கதை. 1986-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அந்தத் தடையை நீக்கினார்கள். அந்தப் பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது, நடு ராத்திரியில் நியூட்டனைத் தாண்டும். கஃபே பெட்டியில் பீர் விற்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: விற்கிற ஆள் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒருவர் அளவு தாண்டினால் அடுத்ததைத் தருவதில்லை. கலாட்டா செய்தால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிப் போலீஸிடம் கொடுத்துவிடுவார்கள்.

நம் ரயில்களுக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் வெகு பழசு. 1890-ம் வருஷத்து இந்திய ரயில்வே சட்டம், 120-வது பிரிவு. ரயில் பெட்டியிலோ ரயில்வே இடத்திலோ குடிபோதையில் இருந்தால், அசிங்கமாக நடந்துகொண்டால், கெட்ட வார்த்தை பேசினால், மற்றப் பயணிகளின் சௌகரியத்தைக் கெடுத்தால், அல்லது விளக்கை அணைத்தால், ஐம்பது ரூபாய் வரை அபராதம். டிக்கெட் காசும் போச்சு, வண்டியை விட்டு இறக்கியும் விடலாம். அந்த விளக்கு விஷயத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ராத்திரியில் பெட்டியில் இருப்பதே ஒரு விளக்கு. அதை அணைப்பவன் எதற்காக அணைப்பான் என்று சட்டம் எழுதிய வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. 1890-ல் ஐம்பது ரூபாய் என்றால் ஒரு கூலிக்காரரின் பல மாத வருமானம்.

ஆனால் அதே ரயிலில், அதே காலத்தில், குடி முழுக்க விலக்கப்பட்ட பொருளும் கிடையாது. தென்னிந்தியாவில் பெரிய ஸ்டேஷன்களின் ரிஃப்ரெஷ்மென்ட் ரூம்களை ஸ்பென்சர் கம்பெனி நடத்தியது. மேஜை விரிப்பு, வெள்ளைச் சீருடை பட்லர், துரைமார்களுக்கு விஸ்கி சோடா. முதல் வகுப்பில் துரை குடித்தால் அது சாப்பாட்டோடு சேர்ந்த பானம். மூன்றாம் வகுப்பில் கூலிக்காரன் குடித்தால் 120-வது பிரிவு. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் மாதிரி லட்சக்கணக்கில் டிக்கெட் விற்கிற சொகுசு ரயிலில் பாரே வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் தள்ளிவிட்டதாகக் கேள்விப்படவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். குடித்தவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, தனி அறை இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது. அன்ரிசர்வ்டு பெட்டியில் இந்த மூன்றும் இல்லை.

1989-ல் புதிய ரயில்வே சட்டம் வந்தது. 120-வது பிரிவு 145 ஆனது. விளக்கு போய் "பயணிகளுக்கான வசதிகள்" என்று பொதுவாக ஆனது. ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம் என்று எழுதினார்கள். முதல் தடவை என்றால் குறைந்தது 100 ரூபாய். நூறு வருஷத்தில் அபராதம் ஐம்பதிலிருந்து ஐந்நூறாக ஏறியது, கூலி எத்தனை மடங்கு ஏறியது என்று உங்களுக்கே தெரியும். இன்றைய டாஸ்மாக் விலையில் 500 ரூபாய்க்கு மூன்று நாலு குவார்ட்டர்.

சரி, எல்லைக்குத் திரும்புவோம். 1956-ல் கேரளா உருவானது, சித்தூரும் பாலக்காடும் ஒரே மாநிலம். மலபாரில் மட்டும் பழைய சென்னை மதுவிலக்கு தொடர்ந்தது. 1967-ல் ஈ.எம்.எஸ். அரசு அதை எடுத்தது. உடனே கோபாலபுரம், வேலந்தாவளம் செக்போஸ்ட்டுகளுக்கு இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் மதுவிலக்கு. 1971 ஆகஸ்டில் கலைஞர் தமிழ்நாட்டில் மதுவிலக்கை ஒத்திவைத்தார், 1974-க்குள் அவரே மறுபடி மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. 1990-ல் மலிவு விலை மது, 1991-ல் அதுவும் போனது. கேரளாவில் 1996 ஏப்ரல் 1-ல் ஏ.கே. அந்தோணி சாராயத்தை ஒழித்தார். 2003 நவம்பரில் டாஸ்மாக் கடைகளை அரசே நடத்தத் தொடங்கியது. 2014-ல் கேரளா ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூடியது, 2017-ல் வந்த புது மதுக்கொள்கை அதைத் தளர்த்தியது. படிக்கும்போதே தலை சுற்றுகிறதா? எல்லையோரத்துக் குடிகாரனுக்குச் சுற்றாது. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் விலை குறைவு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, மூன்றும் அவனுக்கு அத்துப்படி.

ஒவ்வொரு தடவை ஒரு பக்கம் மூடும்போதும் இன்னொரு பக்கம் போக ஒரு கூட்டம் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறியது. வடக்கே மாஹே இருக்கிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து, இப்போது புதுச்சேரியோடு சேர்ந்த சின்ன ஊர், சுற்றிலும் கேரளா, மது விலை குறைவு. அதற்கென்று ஒரு ரயில்வே ஸ்டேஷன். 2016 ஏப்ரலில் மதுவிலக்குக்கு வந்த பீகாருக்குள் வருகிற ரயில்களில் பாட்டில் பிடிபடுவது வாடிக்கையான செய்தி ஆகிவிட்டது. மூடினவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குடியால் அழிந்த வீடுகளை எங்கள் தெருவிலேயே எண்ண முடியும், ராஜாஜியின் கணக்கில் நியாயம் இருந்தது. ஆனால் மூடும்போது கடையைப் பற்றி யோசித்தவர்கள் யாரும் வண்டியைப் பற்றி யோசிக்கவில்லை.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. கள்ளும் சாராயமும் போன இடத்துக்கு பிராந்தி வந்தது. 180 மில்லி குவார்ட்டர், சட்டைப் பையில் அடங்கும், மூடி தெறிக்காது, நாற்றம் அடிக்காது (அடிக்கும், குடித்த பிறகு). கூடவே 1990-களில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எல்லா ஸ்டேஷனுக்கும் வந்து சேர்ந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய ரயில் குடி. கோலா பாட்டிலில் கால்வாசியைக் குடித்துவிட்டு மீதியில் சரக்கை ஊற்றிக் குலுக்கினால் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இடம் எப்போதும் ஒன்றே: கழிப்பறைப் பக்கம், கை கழுவுகிற தொட்டியை ஒட்டின இடம், இரண்டு பக்கமும் கதவு. நாலு பேர் அங்கே நின்றால் போதும், ராத்திரியில் அந்தப் பெட்டியில் இருக்கிற எந்தப் பெண்ணும் கழிப்பறைக்குப் போக மாட்டாள். எத்தனை பெண்கள் அதற்காகவே சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிறார்கள் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத கணக்கு அது. கலாட்டா என்று ஒன்று நடக்கவே இல்லை, புகார் இல்லை, கேஸ் இல்லை. ஆனால் பெட்டியில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் போக முடியாது.

சின்ன வயதில் பழனிக்கு அந்த மீட்டர்கேஜ் வண்டியில்தான் போவோம். தைப்பூச சமயத்தில் பாலக்காட்டிலிருந்து காவடிக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். விபூதி வாசனை, பஞ்சாமிர்த டப்பா, பெட்டி முழுக்க அரோகரா. ஒரு தடவை திரும்பி வரும்போது ஒரு ஆள் நல்ல போதையில் ஏறினான். யாரையும் அடிக்கவில்லை. ஒவ்வொரு பலகையாக வந்து, இருக்கிற பெண்களின் முகத்துக்கு நேரே குனிந்து பாட்டுப் பாடினான், அவ்வளவுதான். அம்மா என்னிடம், "கண்ணு, நீ ஜன்னல் பக்கம் போ" என்று சொல்லி, அக்காவை நடுவில் தள்ளி, தான் வழிப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மழைக்காலம் கூட இல்லை. காவடிப் பெரியவர் ஒருவர் மட்டும் "ஏப்பா, பொம்பளைங்க இருக்கிற இடம், அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றார். அவன் "நீ யாருய்யா?" என்று கேட்டான். பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை. ஊராக இருந்தால் ஆயிரம் பதில் இருந்திருக்கும்.

"நீ யாருய்யா?" என்கிற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டி.டி.ஆர். ஆனால் அன்ரிசர்வ்டு பெட்டியில் டி.டி.ஆரைப் பார்ப்பதே அபூர்வம். வந்தாலும் அவர் ஒற்றை ஆள், கையில் பேனாவும் ரசீதுப் புத்தகமும். 2024 ஏப்ரல் 2 அன்று திருச்சூர் பக்கம் வேளப்பாயாவில், எர்ணாகுளம்-பாட்னா எக்ஸ்பிரஸில் டிக்கெட் கேட்ட ஒரு பரிசோதகரை ஒரு பயணி ஓடுகிற வண்டியிலிருந்து தள்ளிக் கொன்றான். அவன் குடித்திருந்தான் என்றது போலீஸ். 2025 நவம்பர் 2 அன்று திருவனந்தபுரம் போய்க்கொண்டிருந்த கேரளா எக்ஸ்பிரஸில், வர்க்கலா பக்கத்தில், கதவருகே நின்ற ஒரு இளம்பெண்ணை, போதையில் இருந்த ஒருவன் உதைத்து வெளியே தள்ளினான். பெயர் தெரியாத பெண், பெயர் தெரியாத ஆள். கதவை விட்டு நகரவில்லை என்று கோபமாம்.

அதற்குப் பிறகு கேரள ரயில்வே போலீஸ் "ஆபரேஷன் ரக்ஷிதா" என்று தொடங்கி, ஸ்டேஷன்களில் மூச்சுச் சோதனைக் கருவியை நீட்ட ஆரம்பித்தது. 135 வருஷமாகப் புத்தகத்தில் இருந்த பிரிவுக்குக் கையில் ஒரு கருவி வந்தது. நல்ல விஷயம்தான். எனக்கு ஒரு தயக்கம் மட்டும் உண்டு. கல்யாண வீட்டில் ஒரு பெக் போட்டுவிட்டு மேல் பெர்த்தில் ஏறிக் குறட்டை விடுகிறவனும் கருவியில் மாட்டுவான். ஒரு சொட்டுக் குடிக்காமல் பெண்களின் முகத்துக்கு நேரே குனிகிறவன் மாட்டமாட்டான். 1890 பிரிவை எழுதியவன் போதை, அசிங்கமான நடத்தை, கெட்ட வார்த்தை, மற்றவர் சௌகரியத்தைக் கெடுப்பது என்று தனித்தனியாக எழுதினான். போதைக்குக் கருவி வந்துவிட்டது. மற்றதற்கு இன்னும் பெட்டிக்குள் ஒரு ஆள்தான் வேண்டும்.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் பாதாள ரயிலில் 2008 ஜூன் 1 முதல் குடிக்கத் தடை. தடை வருவதற்கு முந்தின ராத்திரி ஆயிரக்கணக்கானோர் பாட்டிலோடு ரயிலில் ஏறி "கடைசி விருந்து" கொண்டாடியதில் சில ஸ்டேஷன்களையே மூட வேண்டி வந்தது. கைதும் நடந்தது. மறுநாள் பெரிய பேச்சில்லை, இளைஞர் குறும்பு. சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, லிட்டில் இந்தியாவில், விடுதிக்குத் திரும்புகிற தொழிலாளர் பஸ்ஸில் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி போதையில் ஏறினார். இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். பிறகு அதே பஸ் பக்கமாகவே நடந்து தடுக்கி விழுந்து, சக்கரத்தில் மாட்டி இறந்தார். அன்றைக்கு நடந்த கலவரம் உங்களுக்கு நினைவிருக்கும். விசாரணைக் குழு உட்கார்ந்தது, 2015-ல் புதுச் சட்டம் வந்தது: ராத்திரி பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் இன்னும் கடுமை. போதையில் இருக்கிற பயணியை இறக்கிவிடுவது சுலபம், இறக்கிவிட்ட பிறகு அவர் எங்கே போவார் என்று பார்க்க ஆள் இருந்ததா என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற கேள்வி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத ஊரில் ஞாயிறு சாயங்காலம் குடித்த மனிதர் அவர். நம் ஆள்.

எங்கள் மீட்டர்கேஜ் பாதையை 2008 கடைசியில் மூடி, 2015-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். கள்ளு வேன்கள் எப்போதும் போல ரோட்டில் ஓடுகின்றன. மரம் ஏறுகிறவர்களுக்குக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மரத்தில் வேலை இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் பாளை சீவுகிறவன் தள்ளாடினால் அன்றைக்கே கணக்கு முடிந்துவிடும். சித்தூர்க்காரன் என்றாலே குடிகாரன் என்று சிரிக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

லீவுக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போய் ரயிலில் ஏறுகிறவர்களுக்கு: ரயில்வே உதவி எண் 139, பாதுகாப்புக்கும் இப்போது அதே எண்தான், பழைய 182 கிடையாது. கூப்பிடும்போது வண்டி எண், பெட்டி எண், அடுத்து நிற்கப்போகிற ஸ்டேஷன், மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த ஸ்டேஷனில் ஆள் நிற்க வேண்டுமென்றால் அவர்களுக்கு அந்த மூன்றும்தான் தேவை. "தொந்தரவு பண்றாங்க" என்று மட்டும் சொல்லாமல் என்ன செய்கிறான், குடித்திருக்கிறானா என்பதையும் சொல்லுங்கள், 145-வது பிரிவில் இரண்டுக்கும் இடமுண்டு. போதையில் ஒருவன் கதவுப் பக்கம் நிற்கும்போது அவனிடம் நியாயம் பேசப் போக வேண்டாம், பிள்ளைகளை அந்தக் கதவு வழியாகக் கழிப்பறைக்கு அனுப்பவும் வேண்டாம். பெட்டியின் மறுமுனையிலும் கழிப்பறை உண்டு. பக்கத்துப் பலகையில் ஒரு பெண் தனியாக இருந்தால் "எங்க போறீங்கம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டு உங்கள் பக்கம் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.